ஒரு மதிலுக்குள் இரண்டு மொழி

கொழும்புக்குள் தமிழ்க் கொழும்பு இரண்டு இருக்கிறது. தெற்கே வெள்ளவத்தை, வடக்கே கொட்டாஞ்சேனை. யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற என் போன்றவர்களுக்கு வெள்ளவத்தைதான் பழக்கம். இரவு பஸ்ஸில் வந்து விடியற்காலையில் காலி வீதியில் இறங்கினால் ஊரை விட்டு வந்த மாதிரியே தெரியாது. யாழ்ப்பாணத்து முருங்கைக்காயும் பனாட்டும் விற்கிற கடைகள், ராமகிருஷ்ண மிஷன் மண்டபம், உருத்திரா மாவத்தையில் 1942இல் தொடங்கப்பட்ட தமிழ்ச் சங்கத்தின் நூலகம் எல்லாம் கால்நடைத் தூரம். ஒரு சிங்களச் சொல்லும் தெரியாமல் அங்கே காலம் தள்ளிவிடலாம். என் சின்னம்மா அப்படித்தான் தள்ளுகிறார்.

கொட்டாஞ்சேனையில் அது நடக்காது. அங்கே தமிழ் தனியாக வாழவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த பரதவர்கள், கொழும்புச் செட்டிகள், மலையகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள், யாழ்ப்பாணத்தார், சிங்களக் கத்தோலிக்கர், சிங்களப் பௌத்தர், முஸ்லிம்கள், மலாயர் என்று ஒரே ஒழுங்கைக்குள் எல்லாரும் இருப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை. பயிற்சி வகுப்பு ஒன்றுக்காகக் கொழும்புக்கு வந்த நான், அது முடிந்த பிறகும் ஊருக்குத் திரும்பாமல் தங்கியது அதற்காகத்தான்.

ஆசைக்குக் காரணம் உண்டு. நான் படித்ததும் ஒரு கன்னியர் மடத்தில். பிரான்சின் பொர்தோ நகரத்துத் திருக்குடும்பக் கன்னியர்கள் 1862இல் யாழ்ப்பாணம் வந்து வளர்த்தெடுத்த பாடசாலை அது. நல்ல ஆசிரியைகள், நல்ல நூலகம், எந்நேரமும் துடைத்து வைத்த விறாந்தை. ஆனால் தரம் ஒன்றிலிருந்து உயர்தரம் வரை ஒரு சிங்களப் பிள்ளையோடு நான் ஒரு வாங்கிலும் இருந்ததில்லை. போர்க்காலத்தில் வளர்ந்த எனக்குச் சிங்களம் என்பது சோதனைச் சாவடியில் கேட்கும் மொழியாகவே பழகிப்போனது. இப்போது நானும் ஆசிரியை. என் மாணவிகளும் அதே மாதிரித்தான் வளர்கிறார்கள். இரண்டு மொழிப் பிள்ளைகளும் ஒரே வாசலால் உள்ளே போகிற பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

“உங்கை ஏன் பிள்ளை அவ்வளவு தூரம் போறாய்? பக்கத்திலதானே சென் பீற்றர்ஸ் இருக்கு” என்றார் சின்னம்மா. அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. வெள்ளவத்தை வாய்க்காலைத் தாண்டியதும் காலி வீதியோரமாக நிற்கிறது புனித பீற்றர் கல்லூரி. மருதானையில் இருக்கும் புனித ஜோசப் கல்லூரியில் இடம் போதாமல், தெற்குக் கொழும்புப் பிள்ளைகளுக்காக 1922இல் அதன் கிளையாகத் தொடங்கியது. தொடங்கியவர் லு கொக் என்ற பிரெஞ்சுக் குருவானவர், தாவரவியல் அறிஞர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படை அந்தக் கட்டடங்களை எடுத்து மருத்துவமனையாக்கிவிட்டது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ரோய் டயஸும் ரசல் ஆர்னோல்டும் படித்த பள்ளிக்கூடம் என்றால் உடனே விளங்கும். ஜோசப்புக்கும் பீற்றருக்கும் 1933இலிருந்து நடக்கும் கிரிக்கெட் பெரும்போட்டி நாளில் காலி வீதியில் கொடி கட்டிய வாகனங்கள் போகும் சத்தத்தைச் சின்னம்மா வீட்டு பல்கனியிலிருந்தே கேட்கலாம். ஆனாலும் என் மனம் கொட்டாஞ்சேனையில்தான் நின்றது. அங்கேதான் இந்தக் கதை தொடங்கியது.

155ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினேன். கொழும்பின் தெற்கையும் வடக்கையும் இணைக்கிற பஸ் அது. பம்பலப்பிட்டி வரை காலி வீதியில் போய், பிறகு உள்ளே திரும்பி, பல்கலைக்கழகப் பக்கத்து மர நிழலையும் மருதானையின் நெரிசலையும் கடந்து வட கொழும்புக்குள் நுழைகிறது. தெற்கில் ஏறும்போது கண்ணாடிக் கட்டடங்களும் மாடி வீடுகளும். வடக்கே போகப் போக வீதி ஒடுங்குகிறது, வீடுகள் வீதிக்கு நெருங்கி வருகின்றன, கொள்கலன் லொறிகளின் வரிசை தெரிகிறது, துறைமுகத்தின் உப்புக் காற்று சன்னலால் வருகிறது. பஸ்ஸில் பேச்சும் மாறுகிறது. வெள்ளவத்தையில் ஏறியவர்கள் தமிழில் பேசி வந்தார்கள், நடுவில் ஏறியவர்கள் சிங்களத்தில். மருதானைக்குப் பிறகு என் முன் இருக்கையில் அமர்ந்த இரண்டு பெண்கள் ஒரே வசனத்தைச் சிங்களத்தில் தொடங்கித் தமிழில் முடித்தார்கள். அவர்கள் எந்த இனம் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

கொட்டாஞ்சேனையில் இறங்கியதும் எங்கே நின்று பார்த்தாலும் கண்ணில் படுவது புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம். ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்தை நினைவூட்டும் முகப்பு, தடித்த தூண்கள், வெயிலில் மங்கிய வெள்ளை. ஒல்லாந்தர் காலத்தில், 1760 அளவில், ஓலைக் கொட்டிலாக இருந்த சிற்றாலயம் இது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் இருக்கவில்லை. கோவாவிலிருந்து வந்த ஓரட்டோரியன் குருமார் மாறுவேடத்தில் நடமாடி அந்த விசுவாசத்தைக் காத்தார்கள். அவர்களுக்கு முன்னோடியான யோசேப் வாஸ் 1687இல் யாழ்ப்பாணக் கரையில் இறங்கியவர். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் கொங்கணி பேசும் வீட்டில் பிறந்தவர், ஆனால் இலங்கைக்கு வந்து சிங்களத்திலும் தமிழிலும் நூல் நூலாக எழுதிக் குவித்தார். வேற்றுநாட்டுக் குருவானவர் ஒருவர் இந்தத் தீவின் இரண்டு மொழிகளையும் கற்று, இரண்டிலும் உழைத்திருக்கிறார். இங்கே பிறந்த நம்மில் எத்தனை பேர் அதைச் செய்தோம் என்று ஆலயத்தின் படியில் நின்றபோது யோசித்தேன்.

உள்ளே காலைத் திருப்பலி முடிந்திருந்தது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இங்கே திருப்பலி நடக்கிறது. கண்ணுக்குப் பாதுகாவலியான லூசியாவின் திருவிழா டிசம்பர் 13ஆம் திகதி. இப்போது நிற்கும் பெருங்கோயிலின் வேலை 1870களில் தொடங்கி அடுத்த நூற்றாண்டு வரை இழுபட்டது. தொடக்கி வைத்தவர்கள் இத்தாலியத் துறவிகளான சில்வெஸ்டிரின் பெனடிக்டன் சபையார். 1845இலிருந்து கொழும்பில் உழைத்தவர்கள். நான் பார்க்க வந்த பள்ளிக்கூடத்துக்குப் புனித பெனடிக்ட் என்ற பெயர் வந்ததும் அவர்களால்தான்.

பேராலயத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் கல்லூரி. உயர்ந்த மதில், பச்சையும் வெள்ளையும் கலந்த அடையாளம், உள்ளே மைதானம். வாசலில் காவலாளி சிங்களத்தில் கேட்டார், நான் தயங்கியதைக் கண்டதும் தமிழுக்கு மாறினார். அடையாள அட்டையைக் காட்டிப் பெயரைப் பதிந்தபின் மைதான ஓரம் வரை போக விட்டார்கள். இடைவேளை நேரம். வெள்ளைச் சீருடையில் பையன்கள் வாளி வாளியாகக் கொட்டியதுபோல் மைதானத்தில் பரந்து கிடந்தார்கள்.

கல்லூரி தன் தொடக்க ஆண்டாக 1865ஐக் கொள்கிறது. 1868இல் அப்போதைய ஆயர் இலாரியோன் சில்லானியின் அழைப்பில் தெ லா சால் அருட்சகோதரர்கள் வந்து அதை ஏற்றார்கள். சூயஸ் கால்வாய் இன்னும் திறக்கப்படாத காலம். இவர்கள் குருமார் அல்லர், திருப்பலி நிறைவேற்றமாட்டார்கள். படிப்பிப்பது ஒன்றே அவர்களுடைய துறவறம். கொட்டாஞ்சேனையில் எல்லாச் சமயத்தவரும் அவர்களை “பிரதர்” என்றே சொல்கிறார்கள். அடுத்த ஆண்டே, 1869இல், பிரான்சின் ஆஞ்சே நகரத்தைத் தாயகமாகக் கொண்ட நல்லாயன் கன்னியர்கள் வந்து பெண்பிள்ளைகளுக்கான கொன்வென்டைத் தொடங்கினார்கள். ஆகக் கொட்டாஞ்சேனையின் அண்ணனும் தங்கையும் அக்கம்பக்கத்தில் ஒரே காலத்தில் படிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த பிரதர்மாரின் மூலக்கதையைச் சொல்லாமல் கொட்டாஞ்சேனையை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம். பிரான்சின் ரைம்ஸ் நகரத்தில் 1651இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் ழான் பப்திஸ்த் தெ லா சால். அந்நகரப் பேராலயத்தில் கௌரவமான பதவியில் இருந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார்களுக்கு உதவப் போய், கடைசியில் அவர்களோடேயே வாழத் தொடங்கினார். 1683இல் பதவியைத் துறந்தார். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில் சொத்தை எல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துத் தீர்த்தார். அந்தக் காலத்தில் எழுத்தறிவு என்றாலே இலத்தீனில் தொடங்குவது. பிள்ளை பேசுவது பிரெஞ்சு, வாசிக்கப் பழகுவது இலத்தீன். பாதியில் படிப்பை விட்டு வேலைக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கு அதனால் ஒன்றும் மிஞ்சவில்லை. தெ லா சால் இதை மாற்றினார். முதலில் பிரெஞ்சில் வாசிக்கப் பழக்குங்கள் என்றார். தன் சபைச் சகோதரர்கள் இலத்தீன் கற்பிக்கவே கூடாது என்று விதியில் எழுதினார். பிள்ளைகளைத் தனித்தனியே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கும் பழைய முறையை விட்டு, ஒரே நிலையில் உள்ளவர்களைச் சேர்த்து உட்காரவைத்து வகுப்பாகப் படிப்பித்தார். நாம் இன்றைக்கு வகுப்பறை என்று சொல்வதன் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1719இல் இறந்தார், 1900இல் புனிதரானார், 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று அறிவிக்கப்பட்டார்.

தாய்மொழியில் படிப்பிக்க வேண்டும் என்பதற்காகவே இலத்தீனை வெளியே நிறுத்தியவரின் பிள்ளைகள் கொட்டாஞ்சேனைக்கு வந்து என்ன மொழியில் படிப்பித்தார்கள்? ஆங்கிலத்தில். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலனிய நகரத்தில் எழுதுவினைஞர் வேலைக்கும் துறைமுகக் கந்தோருக்கும் ஆங்கிலமே வாசல். பெற்றோரும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் அந்த ஆங்கிலத்துக்கு ஒரு பக்க விளைவு இருந்தது. தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருந்தார்கள். ஒருவருடைய மொழியும் இன்னொருவர் மேல் ஏறவில்லை. இருவரும் அந்நிய மொழி ஒன்றைச் சமமாகச் சுமந்தார்கள்.

அந்த வாங்கு எப்போது பிரிந்தது என்று கேட்கத்தான் நான் ஓய்வுபெற்ற ஒரு கணித ஆசிரியரைத் தேடிப் போனேன். கல்லூரியின் பழைய மாணவர், எழுபதைக் கடந்தவர். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் வீடு. நான் போனபோது வாசலுக்கே வந்துவிட்டார். “வாங்க டீச்சர், வெயில்ல நிக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குள் கூட்டிப்போகாமல் முன்னாலிருந்த சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனார். இஞ்சி பிளேன்டீயும் மாலு பணிஸும் வந்தன. கடைக்காரர் அவரை “சேர்” என்றார், சிங்களத்தில்.

“நான் படிச்ச காலத்திலேயே பிரிஞ்சிட்டுது” என்றார் ஆசிரியர். “எங்க அண்ணன் காலத்தில ஒரே கிளாஸ். இங்கிலீஷ். எங்க காலத்தில ஏ கிளாஸ் சிங்களம், சீ கிளாஸ் தமிழ். நடுவில ஒரு சுவர்.”

அந்தச் சுவரைக் கல்லூரி எழுப்பவில்லை. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரவின் இலவசக் கல்வித் திட்டம் வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழி என்றானது. அடுத்த ஆண்டுகளில் இது படிப்படியாக மேல்வகுப்புகளுக்கும் ஏறியது. தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை தமிழில், சிங்களப் பெற்றோரின் பிள்ளை சிங்களத்தில். இதைத் தவறு என்று சொல்ல என்னால் முடியாது. துறைமுகத் தொழிலாளியின் மகன் எஞ்சினியர் ஆனதும், என் அம்மா பல்கலைக்கழகம் போனதும் இந்த மாற்றத்தால்தான். தெ லா சால் ரைம்ஸில் ஏழைப் பிள்ளைக்குச் செய்ததை இங்கே அரசாங்கம் செய்தது. ஆனால் ரைம்ஸில் எல்லாப் பிள்ளைக்கும் தாய்மொழி ஒன்று. கொட்டாஞ்சேனையில் இரண்டு. தாய்மொழிக் கல்வியைக் கொடுத்த அதே கை, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மொழியையும் கட்டாயப் பாடமாகக் கொடுத்திருந்தால் என்று நினைக்கிறேன். அதைக் கொடுக்காமல், 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொடுத்தது.

பிறகு வந்தது பாடசாலைச் சுவீகரிப்பு. 1960இல் ஒரு சட்டம், 1961இல் இன்னொன்று. அரச உதவி பெற்று நடந்த மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்றது. பெரிய கல்லூரிகளுக்கு மட்டும் ஒரு தெரிவு இருந்தது: தனித்து நிற்கலாம், ஆனால் அரச உதவியும் கிடையாது, மாணவரிடம் கட்டணம் வாங்கவும் கூடாது. அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்த பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க தானும் நல்லாயன் கன்னியரின் புனித பிரிஜெட் கொன்வென்டில் படித்தவர். கத்தோலிக்கப் பெற்றோர்கள் பள்ளிக்கூடங்களுக்குள் புகுந்து இரவு பகலாக அங்கேயே இருந்து மறித்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசினார். கடைசியில் நூற்றுக்கணக்கான பாடசாலைகள் அரசுக்குப் போயின. புனித பெனடிக்ட், புனித ஜோசப், புனித பீற்றர், நல்லாயன் கொன்வென்ட், பம்பலப்பிட்டித் திருக்குடும்பக் கன்னியர் மடம், யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில தனித்து நின்றன.

“எங்க அம்மா பாய் போட்டுப் பள்ளிக்கூடத்துக்குள்ள படுத்தவ” என்றார் ஆசிரியர். “எனக்கு அப்ப சின்ன வயசு. அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். சிங்கள அம்மாமார், தமிழ் அம்மாமார் எல்லாரும் ஒண்ணாத்தான் ஜெபமாலை சொல்லுவாங்க. ஒரு பத்துமணி சிங்களத்தில, ஒரு பத்துமணி தமிழ்ல.”

அதற்குப் பிந்திய ஆண்டுகள் கஷ்டமானவை. கட்டணம் இல்லை, உதவி இல்லை. கண்காட்சி, கார்னிவல், பழைய மாணவரின் காசு, பெற்றோரின் நன்கொடை என்று எதை எதையோ வைத்து இழுத்தார்கள். ஆசிரியர்கள் குறைந்த சம்பளத்துக்கு உழைத்தார்கள். பின்னாளில்தான் இத்தகைய பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசு ஏற்றது. பணக்காரர்கள் குறைந்த வட கொழும்பில் ஒரு கல்லூரி அந்த ஆண்டுகளைத் தாண்டி வந்தது என்றால், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும் ஜம்பட்டா வீதியில் துணி தைத்தவரும் போட்ட ரூபாயும் அதில் இருக்கிறது. பள்ளி வரலாறு எழுதுபவர்கள் அதிபர்களின் படத்தை வரிசையாக அச்சிடுகிறார்கள். அந்தத் தாய்மாரின் படமும் அவற்றோடு வர வேண்டும்.

தேநீருக்குப் பிறகு ஆசிரியர் என்னை நடத்திக் கூட்டிப்போனார். கொட்டாஞ்சேனை நடந்து பார்க்க வேண்டிய ஊர். அரை மணி நேரத்துக்குள் 1757இல் கட்டி முடித்த ஒல்லாந்தரின் வுல்பெந்தால் தேவாலயம், விவேகானந்தா மேடு, வரதராஜ விநாயகர் கோயில், பள்ளிவாசல், தீபதுத்தாராமய விகாரை எல்லாவற்றையும் கண்டுவிடலாம். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலும் தூரமில்லை. தீபதுத்தாராமய விகாரை வாசலில் ஆசிரியர் நின்றார். “இதையும் பார்த்துட்டுப் போங்க. எங்க சனமும் பிழை செஞ்சிருக்கு.”

1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. இந்த விகாரையை நோக்கி வந்த பௌத்தப் பெரகராவைக் கத்தோலிக்கர் தாக்கினார்கள். மதக் கலவரங்கள் என்று இலங்கை வரலாறு எண்ணத் தொடங்குவது ஏறக்குறைய அங்கிருந்துதான். விகாரையின் தேரர் மிகெட்டுவத்தே குணானந்தர், பத்து ஆண்டுகளுக்கு முன் பாணந்துறையில் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதம் செய்து பெயர்பெற்றவர். கலவரத்தின் பின் பௌத்தர்கள் ஒன்றுதிரண்டார்கள், பௌத்தத்தைத் தழுவிய அமெரிக்கரான கேணல் ஒல்கொட் லண்டன் போய் முறையிட்டார். அதன் பலனாக 1885இல் வெசாக் விடுமுறை நாளானது, பௌத்தக் கொடி இந்த விகாரையில் ஏறியது. ஒல்கொட்டும் அவரைச் சேர்ந்தவர்களும் பௌத்தப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலைகள் தொடங்கினார்கள். சைவர்களும் தங்களுக்கென்று தொடங்கினார்கள். கத்தோலிக்கர் பக்கத்தில் பொன்ஜீன் ஆண்டகை, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து முதல் பேராயரானவர், ஒவ்வொரு சமயத்துக்கும் தனிப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று 1860களிலிருந்தே வாதாடி வந்தவர். அவர் கனவு கண்ட புனித ஜோசப் கல்லூரி அவர் மறைந்த பிறகு 1896இல் திறந்தது. அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் விகாரை வாசலில் நின்று யோசிக்கையில், முதலில் சமயத்தால் பிள்ளைகளைப் பிரித்தோம், பிறகு மொழியால் பிரித்தோம், பிரித்தவர்கள் எல்லாருமே நல்ல நோக்கம் உடையவர்கள் என்பது வருத்தமாக இருந்தது.

கொச்சிக்கடை வரை நடந்தோம். புனித அந்தோனியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமைதான் பெருங்கூட்டம். நாங்கள் போனது வேறு நாள், ஆனாலும் மெழுகுவர்த்தி ஏற்ற இந்துப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. அன்று தீவெங்கும் குண்டுகளில் 260க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்த ஆலயமும் இலக்கானது. ஆசிரியர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. “தமிழ் கிளாஸ், சிங்கள கிளாஸ் ரெண்டிலயும் அழுதாங்க” என்று மட்டும் சொன்னார். கத்தோலிக்கப் பாடசாலைகள் அந்த முறை மற்றப் பாடசாலைகளை விடப் பிந்தியே திறந்தன. வாசலில் அடையாள அட்டை கேட்கும் வழக்கம் எனக்குக் காலையில் சலிப்பாக இல்லாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

அடையாள அட்டை என்றதும் அவருக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. போர்க்காலத்தில் கொட்டாஞ்சேனையில் இரவில் சுற்றிவளைப்பு நடக்கும். உயர்தர வகுப்புத் தமிழ்ப் பையன்களைப் பிடித்துப்போனால் காலையில் பொலிஸுக்குப் போய் இவன் எங்கள் மாணவன் என்று யாராவது சொல்ல வேண்டும். “சிங்கள டீச்சர்மார் கூட வருவாங்க. அவங்க பேசினாத்தான் கேப்பாங்க.” 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பினார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதவு தட்டிய அந்த விடியற்காலையை என் சின்னம்மாவும் மறக்கவில்லை. மறுநாள் உயர் நீதிமன்றம் அப்படி அனுப்புவதைத் தடுத்தது. 1983 ஜூலைக் கலவரத்தைப் பற்றி ஆசிரியர் சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

நான் பார்க்க வந்ததைப் பற்றிக் கேட்டேன். ஒரே மதிலுக்குள் இருந்து என்ன பயன், வகுப்பு வேறுதானே?

“வகுப்பு வேறதான். கிரவுண்ட் ஒண்ணு” என்றார். கிரிக்கெட்டிலும் உதைபந்திலும் ஒரே அணி. சாரணர், கடேற், பாண்ட் வாத்தியம், கல்லூரிக் கீதம் எல்லாம் ஒன்று. காலைக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே வரிசை. தமிழ்ப் பையன் பந்து பிடிக்கச் சிங்களத்தில் கத்தப் பழகிக்கொள்கிறான். சிங்களப் பையன் தமிழ்ப் படப் பாட்டுக்கு ஆடப் பழகிக்கொள்கிறான். நான் காலையில் மைதானத்தில் கண்டதும் இதுதான். எந்தப் பையன் எந்த வகுப்பு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மணி அடித்து இரண்டு பக்கமாகப் பிரிந்து நடந்தபோதுதான் தெரிந்தது.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில மொழிமூலம் மீண்டும் வந்ததும் சில வகுப்புகளில் இரு இனப் பிள்ளைகளும் மறுபடி ஒரே வாங்கில் இருக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பலர் இதைத் தீர்வு என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அது பாதி மகிழ்ச்சி. ஆங்கில வகுப்புக்குப் போவது பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை. துறைமுகத் தொழிலாளியின் பிள்ளை இன்னும் தமிழ் வகுப்பிலோ சிங்கள வகுப்பிலோதான் இருக்கிறான். அவர்கள் இருவரும் சந்திக்க ஆங்கிலம் ஏன் வேண்டும்? இரண்டாம் மொழிப் பாடம் என்று நேரசூசியில் ஒன்று இருக்கிறது. என் ஊரில் அதற்குச் சிங்கள ஆசிரியர் கிடைப்பது அருமை. சிங்கள ஊர்களில் தமிழ் ஆசிரியருக்கும் அதே தட்டுப்பாடு. ஆனால் இரு மொழியும் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் அந்தத் தட்டுப்பாட்டுக்கு இடமே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் முழுவதும் மொழி தெரிந்தவர்கள். தமிழ் எட்டாம் வகுப்பையும் சிங்கள எட்டாம் வகுப்பையும் வாரத்தில் சில பாடவேளைக்குச் சேர்த்து உட்காரவைத்து, ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுக்க விட்டாலே போதும். யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும் செய்ய முடியாத ஒன்றை கொட்டாஞ்சேனை நாளைக்கே செய்யலாம். நாட்டில் இப்படியான மதில்கள் மிகக் குறைவு. அவற்றுள் தமிழ் வகுப்பு ஒவ்வொரு வருடமும் நிரம்ப வேண்டும், ஒருபோதும் மெலிந்துவிடக் கூடாது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இருக்கிறது.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

“நான் பாடத்திட்டத்தைக் கேட்டுச் செய்யல்ல டீச்சர். ஏ.எல். பரீட்சை கிட்ட வந்தா பின்னேரம் மேலதிக வகுப்பு வைப்பேன். தமிழ் பையனுங்களுக்குத்தான். ஒருநாள் சிங்கள கிளாஸ்ல ரெண்டு பேர் வந்து கதவடியில நின்னாங்க. அவங்க சேருக்குச் சுகமில்ல. உள்ள வாங்கன்னு சொன்னேன். கணக்குத்தானே, கரும்பலகையைப் பார்த்தா விளங்கும். சொல்லு மட்டும்தான் வேற. தமிழ்ல ஒரு சொல்லு எழுதி, பக்கத்தில சிங்களத்தில எழுதுவேன். எனக்குத் தெரியாத சொல்லை அவங்களே எழுந்து வந்து எழுதுவாங்க. அடுத்த வருஷம் பத்துப் பேர் வந்தாங்க.”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணிக்கு வீட்டில் வகுப்பு இருக்கிறது என்றார். ஓய்வுபெற்ற பிறகும் ஒழுங்கைப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார், காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கிறார்கள்.

“அதிலயும் ரெண்டு பக்கப் பிள்ளைகளும் வருவினமோ?” என்று கேட்டேன்.

“ஆறு பேர் தமிழ், நாலு பேர் சிங்களம். போன மாசம் ஒரு முஸ்லிம் பிள்ளையும் சேர்ந்திருக்கு. நேரம் இருந்தா வந்து பாருங்க டீச்சர். இண்டைக்கு வகையீடு.”

போனேன்.